லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

திருமுல்லைவாயில்
திங்கள் காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

அகல்யா எழுதுகிறேன். ரத்தம் எடுத்த இடத்தில் உன் கை இன்னும் நீலமாக இருக்கிறதா?

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் கடிதம். போன வாரம் இடது கால் வீங்கியது. உனக்கு வந்ததுபோலவே ரத்தம் உறைந்திருக்கிறதாம். சின்னதுதான், வேலைக்குப் போகிறேன். டாக்டர் புது மாத்திரை எழுதினார். உன் மாத்திரைக்குப் போல மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேண்டாமாம், கீரையும் சாப்பிடலாமாம்.

உனக்கும் இது ஆகுமா என்று மருந்துக்கடை ஜெகதீஷ் அண்ணனிடம் உன் சீட்டின் படத்தைக் காட்டினேன்.

"இன்னாம்மா, ஏயு வருசத்து சீட்டு! லேமினேட் வேற பண்ணி வெச்சிக்கீறீங்கோ, ரேஷன் கார்டா இது? கால்ல ரத்தம் கட்டுனா இப்போ நெறைய பேருக்குப் புதுசுதான் எய்தறாங்கோ. டாக்டராண்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிழியக்கூடாது என்று லேமினேட் செய்தவளே நான்தான். அதைக் காட்டினால் நம்மூர்க் கடையில் மாத்திரை கொடுத்தார்கள். லேபில் ரத்தம் கொடுப்பதோடு சரி, நாமும் டாக்டரிடம் போவதை விட்டுவிட்டோம். எதையெதையோ படிக்கிறேன், அந்த ஒரு தாளின் தேதியைப் படிக்கவில்லை.

மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. இது கிடைத்த மறுநாளே சீட்டோடு டாக்டரிடம் போய், மாற்றலாமா என்று கேள். பழையதுதான் உனக்குச் சரியென்றால் அவரே புதிதாக எழுதித் தரட்டும்.

நேற்று முருங்கைக்கீரை வாங்கி ஆய்ந்து வைத்தேன். இது வாடிவிடும், அடுத்த தடவைக்கு எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பு. நம் வீட்டில் கீரை சமைத்து ஏழு வருடமாகிறது, நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்
அகல்யா