சாம்பல் நிறக் கிளி

மாதுங்கா,
10-3-1946

என் எதிர்வீட்டுத் தோழிக்கு,

நீ எழுதிய குழந்தைகள் நாவலை நேற்று என் பெண் ஷ்யாமளாவுக்குப் படித்து முடித்தேன். மேகக்கோட்டைக்குப் போகும் சிறுமியை அவளுக்குப் பிடித்தது. எனக்கு அந்தக் கிளியைத்தான் மறக்க முடியவில்லை.

"இவளைத் தெரியுமா?" என்று அரக்கன் கேட்டதும், தினமும் அவள் கையால் பழம் தின்ற கிளி "தெரியாது" என்கிறது. அந்த நொடியே அதன் பச்சையெல்லாம் சாம்பலாகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் அதைக் கல்லாக்கிவிட்டுக் கதையை முடித்திருப்பார்கள். நீயோ, சிறை மீண்ட சிறுமியை அந்தக் கிளியைத் தோளில் சுமந்துகொண்டே ஏழு மலை தாண்ட வைத்தாய். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லையே அவள்! இந்த மனசு உனக்கு எங்கிருந்து வந்ததடி?

நாற்பத்திரண்டு ஆகஸ்டு மாதம் போலீஸ் மாடியேறி வந்த காலையில், பால் வாங்கி வைக்கச் சொல்லி நீ கொடுத்த பித்தளைக் கூஜா என் அடுக்களையில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் சர்க்கார் உத்தியோகம். உன்னை வண்டியில் ஏற்றியபோது நான் ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. கூஜாவை இன்றும் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன்.

"கிளி பாவம்மா, பயந்துடுத்து" என்றாள் ஷ்யாமளா. பிறகு அட்டையைத் திருப்பி உன் பெயரைப் படித்தாள்.

"இந்த மாமியை நோக்குத் தெரியுமாம்மா?"

அன்று போலீஸ் என்னிடம் கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து.

"தெரியும்" என்றேன்.

இப்படிக்கு,
கூஜாவோடு காத்திருக்கும் எதிர்வீட்டுக்காரி