கண்ணாடிக்கு எந்தப் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கோபத்தில் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும், ஆறிய பிறகு எடுத்துப் படிக்கலாம்.

புது வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். முன்பு இங்கே இன்சூரன்ஸ் அலுவலகம் இருந்ததாம். வீட்டுக்காரர் ஒரு சமையலறையைச் சேர்த்துக் கட்டி, இது வீடு என்று சொல்லிவிட்டார். பின்னால் ஓர் அறை, முன்னால் கூடம், கூடத்தை ஒட்டி இன்னோர் அறை. அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே செங்கல் சுவர் இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மேலாளர் உட்கார்ந்த இடமாம். ஒட்டியிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள், பசைத் தடம் போகவில்லை. சாயங்கால வெயில் பட்டால் ‘மேலாளர்’ என்று தெரிகிறது.

அது உனக்கு. பெரிய ஜன்னல் இருக்கிறது, காற்று நன்றாக வருகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி மட்டும் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி யாரோடும் ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. அதை எப்படி வீட்டுக்காரியாக மாற்றுவது? உனக்குக் கைவேலை தெரியும், நிறம் தெரியும். யோசனை சொல்.

நீ போய் எட்டு மாதம். வலிப்பு வந்து நீ உள்ளே விழுந்து கிடந்த அன்றைக்கு மறுநாள் உன் அறைத் தாழ்ப்பாளை நான் கழற்றியது தப்பு. சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன். திரும்பி வந்துவிடு, சிட்டு. ஐம்பத்தொரு வயதில் கேக் கடை மாடியில் தனியாக என்ன இருப்பு? மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா?

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

மேலாளர் பதவி கொடுத்ததற்கு நன்றி. சம்பளம் எவ்வளவு என்று நீ எழுதவில்லை.

மாத்திரை போடுகிறேன். தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். நீ அடுத்த கடிதத்தில் கேட்கப் போகும் மூன்று கேள்விக்கும் இப்போதே பதில்.

நேற்று ஒருத்தர் கேக்கில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதச் சொன்னார். “நடுவுல ‘க்’ வராதுங்க, வாழ்த்துகள்தான்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அந்த ஒரு எழுத்தக் குறைச்சா கேக்கு காலியா தெரியுமேம்மா” என்றார். டீச்சர் அக்காவோடு வளர்ந்த பாவம், க்ரீமில்கூட இலக்கணம் பார்க்கிறேன்.

கண்ணாடி விஷயம். முதலில் அந்த வெள்ளை டியூப் லைட்டைக் கழற்று. மஞ்சள் பல்பு போடு, அதையும் கூரையில் போடாதே. ஒரு மூலையில், தாழ்வாக வை. கண்ணாடியை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு முதுகுப் பலகை இல்லாத மர அலமாரி வேண்டும். தரையில் ஜமுக்காளம் விரி. கண்ணாடி அறையில் பேசினால் சத்தம் மோதித் திரும்பும், காதுக்கே குளிரும். துணியும் மரமும் அதைக் குடித்துவிடும். திரை போட்டால் கூரையிலிருந்து தரைவரை போடு. பாதியில் நிறுத்தினால் வளர்ந்த பிள்ளை பழைய கால்சட்டை போட்ட மாதிரி இருக்கும். வெறும் பால்நிற ஸ்டிக்கர் தாளை ஒட்டிவிட்டு முடிந்தது என்று உட்காராதே. பல் டாக்டர் வீடு ஆகிவிடும்.

கேட்டதற்கு மட்டும்தான் பதில். வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிட்டு


மார்ச் 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன். மதிப்பெண் போடு.

அலமாரி வந்துவிட்டது. உன் தையல் புத்தகங்களைக் கீழ்த்தட்டிலும், நீ விட்டுப்போன பீங்கான் யானையை மேல்தட்டிலும் வைத்தேன். மஞ்சள் விளக்கு மூலையில் இருக்கிறது. நீ சொன்னது சரிதான், குரல்கூட மாறிவிட்டது. இரண்டு தொட்டியில் செடி வைத்திருக்கிறேன். பசைத் தடத்தை எண்ணெய் தடவி ஊறவைத்துத் தேய்த்தேன். மேலாளர் ஒரு வழியாக ஓய்வு பெற்றுவிட்டார்.

தாளும் ஒட்டினேன். கோபிக்காதே, அலமாரிக்கு மேலே மட்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய அடையாள அட்டையால் இழுத்து இழுத்து ஒட்டினேன். நாலைந்து இடத்தில் காற்றுக் குமிழ். ஊசியால் குத்தினேன். நடுவில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குத் தாள் ஒட்டாமல் ஒரு பட்டை விட்டிருக்கிறேன். தரையிலிருந்து மூன்றேமுக்கால் அடி உயரத்தில், சுவரின் நீளத்துக்கும். நோட்டில் ஓரக்கோடு விடுகிறோமே, அது மாதிரி. எல்லாம் அடைத்துக்கொண்டால் மூச்சு முட்டும் அல்லவா?

மிச்சத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கண்ணாடிக் கடைக்காரரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்ன டீச்சர், நடுவுல விட்டுட்டீங்க? தாளு பத்தலையா?”

“உங்க கையிலதான இருக்கு மிச்சம். அழகுக்காக விட்டேன்பா.”

“அழகுக்குன்னா பூ ஒட்டுவாங்க. இது கள்ளன் வரானான்னு பாக்குற மாதிரில்ல இருக்கு.”

அவருக்கு ரசனை போதாது. திரை இன்னும் போடவில்லை. துணி போட்டால் தூசி சேரும், உனக்குத் தும்மல் வரும். எப்போது வருகிறாய் என்று எழுது. கட்டிலைக் கண்ணாடியைப் பார்த்த மாதிரி போட்டிருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனேன். எங்கள் முதலாளியம்மா கிட்டத்தட்ட உன் உயரம். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து கண்வரை அளந்தேன்.

“ஏன்டி, சட்டை தைக்க அளவெடுப்பாங்க. கண்ணுக்கு எதுக்குடி அளவு?” என்றார்.

“எங்கக்கா உக்காந்தா அவளுக்கு என்ன தெரியும்னு பாக்குறேன்மா.”

மூன்றேமுக்கால் அடி. ஒரு விரல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

நீ கூடத்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்தால் என் கட்டில் நேராகத் தெரியும். கட்டிலையும் தோதாகத் திருப்பிப் போட்டுவிட்டாய். அக்கா, அது ஓரக்கோடு இல்லை. அது பரீட்சை ஹால். முன்பு தாழ்ப்பாளைக் கழற்றினாய். இப்போது சுவரையே கழற்றிய வீடாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாய்.

விளக்கும் அலமாரியும் நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன். நான் வரவில்லை.

சிட்டு


ஏப்ரல் 5

சிட்டு,

பிடித்துவிட்டாய். நான் அளக்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டேன். அங்கே ஏன் போட்டேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்து காப்பியடிக்கிற பிள்ளை உண்டு, கண் தானாகப் பக்கத்து நோட்டுக்குப் போகிற பிள்ளையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான் போட்டிருக்கிறேன். எனக்கும் அதையே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது மாதமாகச் சொல்லாதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நமக்குள் சண்டை, நினைவிருக்கிறதா? நீ கதவைச் சாத்திக்கொண்டாய். நான் டீ போட்டுவிட்டு உன்னை இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், இருக்கட்டும், நானும் கூப்பிட மாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். முழுசாகப் படித்தேன். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து கதவை உடைத்தோம்.

உன் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. ஈரமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். ரத்தம் காய எவ்வளவு நேரம் ஆகும், சிட்டு? டாக்டரிடம் கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உன்னை இல்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

நீ செய்தித்தாள் படித்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்காகக் கிளம்பியிருக்க மாட்டேன். நீ டீயோடு வந்திருந்தால், எனக்கு நினைவு இருந்திருந்தால், நான் கதவைத் திறந்திருக்கவும் மாட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. ஆகவே அதில் பாதி என் பங்கு.

இப்போது என் முறை. நானும் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு இது வருகிறது. ஒவ்வொரு முறையும் கண் திறந்தால் முதலில் ஒரு முகம். முன்பு அம்மா, பிறகு நீ. பயந்துபோன முகம். எனக்கு என் பேர்கூட ஞாபகம் வராது, அதற்குள் “ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல” என்று உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். என்ன நடந்தது என்பதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் உடம்பைப் பற்றிய செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும்.

ஜனவரியில் இங்கே ஒரு முறை வந்தது. மத்தியானம், மாடி அறையில், தனியாக. கண் திறந்தபோது முகம் எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரையும் தேற்ற வேண்டியதில்லை. மெல்லப் புரிந்தது. ஓ, வந்திருக்கிறது. நாக்கைக் கடித்திருக்கிறேன். எழுந்து முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு கீழே போய் முதலாளியம்மாவிடம் நானே சொன்னேன். மறுநாள் நானே டாக்டரிடம் போனேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு வந்ததை எனக்கு முன்னால் வேறு யாரும் தெரிந்துகொள்ளாதது அதுதான் முதல் தடவை. அதை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. அழாதே. நீ இல்லாமல் நன்றாக இருக்கிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நன்றாகவும் இருக்கிறேன், நீயும் இல்லை. இரண்டும் தனித்தனி வாக்கியம், சேர்த்துப் படிக்காதே.

சிட்டு


ஏப்ரல் 29

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியும் “ஆனாலும்” என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு எதையும் செய்து பார்த்தால்தான் விளங்கும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். லிட்டர் என்றால் என்ன என்று கேட்டால், வாளியைத்தான் முன்னால் வைப்பேன். ஆகவே என் படுக்கையை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அறைக்குக் குடிபோனேன். இன்றோடு பத்து நாள்.

முதல் நாள் மத்தியானம் கொஞ்சம் கண் அசரலாம் என்று படுத்தேன். காலை அகட்டிப் போட்டுத் தூங்குகிறவள், மடக்கிக்கொண்டேன். தலைமுடியைச் சரிசெய்தேன். தூக்கத்தில் வாய் திறந்துவிடுமோ என்று சுவர்ப்பக்கம் திரும்பினேன். வீட்டில் நான் ஒருத்திதான், சிட்டு. அந்தப் பட்டைக்கு அந்தப் பக்கம் வெறும் நாற்காலி. அந்த நாற்காலிக்கே நான் ஒழுங்காக நடந்துகாட்டினேன்.

மூன்றாம் நாள் பழைய செய்தித்தாளை எடுத்து அந்த இடைவெளியில் ஒட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அதையும் ஸ்டிக்கர் தாளையும் சேர்த்து முழுசாக உரித்துவிட்டேன். குமிழ் குமிழாக அசிங்கமாகத்தான் இருந்தது, நீ சொன்ன பல் டாக்டர் வீடேதான்.

இனி இந்த அறை எனக்கு. பின்னால் இருக்கிறதே ஓர் அறை, நான்கு பக்கமும் செங்கல், ஒரே ஒரு மரக்கதவு, அது உனக்கு. யானையையும் உன் புத்தகங்களையும் அங்கே மாற்றிவிட்டேன். கட்டிலை எங்கே போடுவது என்று நான் முடிவு செய்யவில்லை. அந்த அறையின் நடுவில் அம்போ என்று நிற்கிறது.

எனக்கும் வயது அறுபத்திரண்டு. நானும் ஒருநாள் விழலாம். அப்போது கண்ணாடி வழியாக யாராவது என்னைப் பார்த்தால் எனக்கு நல்லதுதான். எனக்குப் பிடித்ததை உனக்குக் கட்டாயப் பாடமாக வைத்ததுதான் நான் செய்த தப்பு.

கண்ணாடி இப்போது மொட்டையாக நிற்கிறது. எனக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. திரை வேண்டும். எந்த நிறம், எவ்வளவு கனம் என்று உன்னைத்தான் கேட்கிறேன், ஆனால் இதற்குப் பதில் எழுதினால் வருவதாக அர்த்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ வராவிட்டாலும் பின்னறை உன்னுடையதுதான்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

செங்கல் நிறம். கனமான பருத்தி. கண்ணாடியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி வாங்கு, அப்போதுதான் மடிப்பு விழும். கம்பியை உன் அறைக்கு உள்பக்கம் அடிக்கச் சொல், கூடத்துப் பக்கம் இல்லை. மூடுவதும் திறப்பதும் உன் கையில் இருக்க வேண்டும். நான் கூடத்திலிருந்து இழுத்துப் பார்க்கிற ஆள் இல்லை, ஆனாலும் கம்பி உள்ளேயே இருக்கட்டும்.

இங்கே மாடி அறையைக் காலி செய்யவில்லை. வாரத்தில் நான்கு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. ஒத்துவந்தால் பார்ப்போம். முதலாளியம்மா, “அக்கா கண்ணுக்கு அளவெடுத்தவ, இப்ப என்ன மூட்டை கட்டுற?” என்று கேட்கிறார். சிரித்தேன்.

பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். பூட்டுப் போடச் சொல். நான் உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டாக இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் கதவைத் தட்டு. பதில் இல்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால்தான் ஆபத்து என்று டாக்டர் சொல்கிறாரே, அந்த ஐந்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணு. அதற்குள் நான் குரல் கொடுத்துவிட்டால், வெளியிலேயே நில். நானாக வருவேன்.

ஐந்து நிமிடம் தாண்டினால் திற. ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் சாவி இரண்டையும் என் கையில் கொடுத்துவிடு, ஒன்றை நானே உனக்குத் தருகிறேன்.

சிட்டு