எஸ்டி வண்டியின் இருமல்

உத்தமபாளையம்
11.8.2024

மெகருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் சுகத்துக்கும் உன் தம்பி அஷ்ரப் வீட்டார் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுகிறேன் என்று, ‘எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க’ என்று சொல்லிவிட்டாய். அதனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் சின்னக்கருப்புவின் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். “அம்மா இன்னும் மலையிலதான் இருக்காகளா பாய்?” என்று கேட்டான். “ஆமப்பா, அங்கன காய் எடுப்பு” என்றேன். வேறு என்ன சொல்ல?

விஷயம் இதுதான். அரிசிக் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த நம் எஸ்டி மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். மலை மண் ரோட்டுக்கென்று பல் வைத்த டயர் போட்டு, கல்லில் இடிக்காமல் சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தேனே, அதே கோலத்தில்தான் இருக்கிறது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. போடியில் மெக்கானிக் ஜெபமணியிடம் விட்டிருக்கிறேன். பழைய வண்டி என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

கியர் போடுகிற லிவரையே நிமிர்த்தி உதைத்து ஸ்டார்ட் பண்ணவேண்டும், நினைவிருக்கிறதா? நீ உதைத்துப் பார்த்துக் கணுக்கால் வீங்கி, உன் அத்தாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது.

ஷேக் மைதீன்

*

வண்டன்மேடு
20.8.2024

சமீனா அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. வண்டி சுகமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. எலிக் குடும்பத்தைக்கூட விசாரித்திருக்கிறீர்கள். நல்ல மனுஷன் போங்கள்.

நான் எதற்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு வரி இருக்கும் என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் நாம் இரண்டே பேர். காலையில் ‘கடைக்குப் போறேன்’, ராத்திரியில் ‘லைட்டை அமத்து’. இடையில் ஒரு பேச்சுக் கிடையாது. “எம்புட்டு நாளைக்கு நான் செவுத்தோட பேசுறது? தம்பி வீட்டுக்குப் போயிருவேன் பாத்துக்கங்க” என்றேன். “போறதுன்னா போ” என்றீர்கள். போ என்று சொன்னதால் வந்தேன். இன்னொரு சொல் சொல்ல உங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

சரி, வண்டியைப் பற்றியே பேசுவோம். அதைப் புதுப்பிக்கிறேன் என்று பளபளப்பாக்கிவிடாதீர்கள். சமீனா வயிற்றில் இருந்தபோது நான் இதே வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு அதில்தான் ஏறி வருவீர்கள். கீழ் வளைவு திரும்பும்போதே சத்தம் கேட்கும். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு நடுவில் ஒரு இருமல் இருமும், அந்த மாதிரி வேறு எந்த வண்டியும் இருமாது. ஒரு நாளாவது ஹாரன் அடித்திருக்கிறீர்களா? நான் வாசலுக்கு வந்துவிடுவேன். என் தம்பி கேலி பண்ணுவான்.

இப்போது வந்தாலும் ஹாரன் வேண்டாம். எனக்குத் தெரியும்.

மழை விடவில்லை. சுவெட்டரை அங்கே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மெகருன்னிசா

*

உத்தமபாளையம்
15.9.2024

மெகருன்னிசாவுக்கு,

ஸலாம். சுவெட்டரைச் சின்னக்கருப்பு கையில் அனுப்பியிருக்கிறேன், கிடைத்திருக்கும். பீரோவில் தேடும்போது உன் சேலைகள் சரிந்து விழுந்தன. மறுபடி மடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே கட்டிலில் கிடக்கின்றன. நான் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

வண்டிக்காக ஜெபமணியோடு சண்டையே போட்டுவிட்டேன். டேங்கைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றார். “அண்ணே, அந்தக் கீறல் எதுலயும் கைய வைக்காதீக” என்றேன். “அப்பறம் எதுக்குய்யா எங்கிட்ட கொண்டாந்தீரு?” என்று கத்தினார். கடைசியில் நான் சொன்னபடிதான். டேங்கின் மங்கல் அப்படியே இருக்கிறது. ஹேண்டில்பாரின் கோணல் அப்படியே. சீட்டுக்கு உள்பஞ்சு மட்டும் மாற்றி, பழைய உறையையே தைத்துப் போட்டாயிற்று. துருவேறி உளுத்துப்போன சாமான் சிலதை மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து மாட்டியிருக்கிறார். பார்த்தால் நீ அசந்துபோவாய். அதன் குணம் கொஞ்சமும் மாறவில்லை.

இன்னும் சில நாளில் ஓடும். அப்போது வருகிறேன்.

வீட்டில் ரொம்ப அமைதியாக இருக்கிறது. நீ சுவரோடு பேசுகிறேன் என்றது என்னவென்று கொஞ்சம் பிடிபடுகிறது.

ஷேக் மைதீன்

*

உத்தமபாளையம்
7.10.2024

மெகருன்னிசாவுக்கு,

ஸலாம். நேற்று வந்தேன். கம்பம்மெட்டு ஏறி, அந்த மண் ரோட்டில் ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் வந்தேன். உன் தம்பி வீட்டு கேட்டுக்கு வெளியே என்ஜினை ஓடவிட்டு நின்றேன். நீ சொன்னபடி ஹாரன் அடிக்கவில்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து உன் கை வந்து கதவைச் சாத்தியது. வளையலைப் பார்த்தேன், உன்னுடையதுதான்.

புரிந்துகொண்டேன். வண்டியைத் திருப்பிவிட்டேன். இறக்கத்தில் கண்ணுக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. பனி என்று நினைத்தேன், பனி இல்லை. உன்னைத் தொந்தரவு செய்ய இனி எழுதமாட்டேன். சேலைகளைச் சமீனா வரும்போது மடிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன்.

ஷேக் மைதீன்

*

வண்டன்மேடு
9.10.2024

சமீனா அத்தாவுக்கு,

அல்லாவே, என்ன மனுஷன் நீங்கள்! போர்வை விற்கிறவன் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். வாரா வாரம் அவன் வந்து நச்சரிக்கிறான். அஷ்ரப் மனைவி ரிஸ்வானாகூட, “யாருக்கா?” என்றாள். “போர்வைக்காரன்தான், சத்தம் காட்டாத” என்று நானே சொன்னேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அவள் என்னைப் பார்க்கவே பயப்படுகிறாள், அப்படி அழுதிருக்கிறேன்.

நீங்கள் வந்த வண்டி எங்கே இருமியது? எஸ்டி வண்டி வருகிறதா வருகிறதா என்று ஒரு மாதமாகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருக்கிறேன். அன்றைக்கு வந்தது யாரோ ஊருக்குப் புதுசாக வந்த ஆளுடைய வண்டி மாதிரி வழுவழு என்று ஓடிக்கொண்டு நின்றது. அதன் சத்தத்தை என்ன செய்தீர்கள்?

அதை விடுங்கள். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே பத்துத் தப்படி இருக்குமா? அத்தனை மலை ஏறி வந்தவருக்கு அதை நடக்க முடியவில்லையா? வாய்விட்டுக் கூப்பிட முடியவில்லையா? ஹாரன் வேண்டாம் என்றுதான் சொன்னேன், வாய் வேண்டாம் என்றா சொன்னேன்?

‘வா’ ஒரே எழுத்து. அதை எழுத இத்தனை கடிதமா?

மெகருன்னிசா

*

உத்தமபாளையம்
11.10.2024

மெகருக்கு,

ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். அரிசி வாங்க வந்தவர்கள் நின்றது தெரியவில்லை. சிரித்தேனா, அழுதேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு என்னைப் போர்வை விற்கிறவனாக ஆக்கிவிட்டாயே!

ஜெபமணியிடம் ஓடினேன். மேலே தூக்கிக் கட்டுவதற்கு முன்னால் பாறையில் மோதி நசுங்கிய சைலன்சர்தான் இருமியிருக்கிறது, துருவேறிய சாமானோடு அதையும் மாற்றிவிட்டிருக்கிறார். “அது ரிப்பேருய்யா, நல்ல வண்டி எங்கயாச்சும் இருமுமா?” என்கிறார். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் மாறாமல் பார்த்துக்கொண்டேன். சத்தத்தை யோசிக்கவே இல்லை. பழையதைக் கேட்டால் எடைக்குப் போட்டாயிற்று, உருக்கிக்கூட இருப்பார்கள் என்கிறார். புதியதை நசுக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது வேஷம் போடுவது. அந்தச் சத்தம் இனி இல்லை மெகரு. நான் வருவதை இனி நான்தான் வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

நீ கேட்ட எழுத்தை ஒரு காகிதத்தில் எழுதினேன். ‘வா.’ பார்த்தால் அதுவும் ‘போ’ மாதிரியே இருந்தது, மூட்டை தூக்குகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. கிழித்துவிட்டேன். போ என்றால் போவாய், வா என்றால் வருவாய் என்றே இத்தனை வருஷமும் இருந்துவிட்டேன்.

நம் நிக்காஹ் அன்று உன் அத்தாவும் சாட்சிகளும் உள்ளே போய் உன்னிடம் சம்மதம் கேட்டார்கள். நீ தலையசைத்ததாக வெளியே வந்து சொன்னார்கள். நான் ஆண்கள் பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட நானாக உன்னிடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன். கேட்டைத் திறந்து, வாசல் வரை நடந்து வந்து, உன் தம்பி முன்னால், ரிஸ்வானா முன்னால் கேட்பேன். யோசிக்க உனக்கு நேரம் வேண்டும் என்றுதான் முன்கூட்டி இங்கே எழுதுகிறேன். இல்லை என்றாலும் சொல், நின்று கேட்டுக்கொள்வேன்.

என்கூட இருக்க உனக்குச் சம்மதமா மெகரு?

ஷேக் மைதீன்