வலது பக்கத்துப் படி

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அங்கே அக்கா வீட்டில் உங்கள் நலம் எப்படி என்பதை அவரே போனில் சொல்கிறார். நான் எப்போது கூப்பிட்டாலும் ‘இப்பதான் கண்ணசந்தான்’ என்கிறார். ஒரு மனிதர் ஐந்து மாதமாகவா தூங்குவார்? அதனால்தான் கடிதம்.

செயற்கைக் கால் வந்துவிட்டது என்றும், நீங்கள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றும் அக்கா சொன்னார். நிலத்தை மேற்கு வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல், நான் இனி அங்கே வந்து என்ன கிழிக்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். மேற்கு வயல்காரரும் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். நான் பிடிகொடுக்கவில்லை. அதற்குள் வேறொரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் டிராக்டரைக் கொடுத்துவிட்டு வேறு டிராக்டர் எடுத்திருக்கிறேன்.

பேர் பெற்ற கம்பெனி இல்லை. முன்னால் எழுதியிருக்கும் பெயரைச் சின்னவள் எழுத்துக்கூட்டி மூன்று தடவை வாசித்தாள். மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தது. நிறம் வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருக்கிறது. பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘ஏம்மா, உலகத்துல வேற வண்டியே இல்லையா? ஒரு போல்ட் போச்சுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?’ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மேற்கு வயல்காரர், ‘புருஷன் இல்லாத நேரமாப் பார்த்து யாரோ தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

முன்பென்றால் எனக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். இப்போது எதுவும் தைப்பதில்லை. உங்களுக்கு இல்லாத கால் வலிக்கிறதாம், அக்கா சொன்னார். எனக்கு இருக்கிறதெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. உலை கொதிக்கிறது, துணி காய்கிறது, சின்னவள் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். யார் வீட்டிலோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்வெட்டி பட்ட காயம்தானே, தானாக ஆறிவிடும் என்று முதலில் சொன்னவள் நான். சர்க்கரை உள்ள உடம்பு என்பது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை. அதை நினைத்தாலும் அழுகை வர மாட்டேன் என்கிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

வண்டி வாங்கின கதையைச் சொல்கிறேன். நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் இத்தனை குதிரைத் திறன், இத்தனை டன் இழுக்கும் என்று அடுக்கினார்களே தவிர, எனக்கு வேண்டியது யாரிடமும் இல்லை. ஐந்தாவது கடை டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. அங்கேதான் இது தூசி படிந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடது காலை மடக்கி, சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். பிறகு வண்டியைக் கிளப்பினேன். கடை முற்றத்தில் மூன்று சுற்று. பின்னால் எடுத்து ஒரு சுற்று. விற்பனையாளர் பின்னாலேயே ஓடிவந்து, ‘என்னம்மா, கால்ல சுளுக்கா? டாக்டரைக் கூப்பிடவா?’ என்றார். வண்டியை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

இந்த வண்டியில் கிளட்சை மிதிக்கிற வேலை கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும். பிரேக்குக்கு வலது கால் போதும். இடது கால் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

இவ்வளவும் யோசித்த புத்திசாலி ஒன்றைக் கோட்டை விட்டேன். வண்டி வந்த மறுநாள், முதலிலேயே காலைக் கட்டிக்கொண்டு ஏறிப் பார்க்கலாம் என்று போனேன். ஏற முடியவில்லை. கடையில் நான் ஏறி உட்கார்ந்த பிறகல்லவா கட்டினேன்? படி இருப்பது இடது பக்கம். இடது காலை ஊன்றித்தான் மேலே போக வேண்டும். ஒற்றைக் காலில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் பார்த்து, கடைசியில் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் ஓடிவந்து, ‘அம்மா, அழுறியா சிரிக்கிறியா?’ என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. ஐந்து மாதத்தில் உடம்புக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அன்றைக்குத்தான்.

பட்டறைக்காரரிடம் போய் வலது பக்கம் ஒரு படியும் பிடித்து ஏற ஒரு கம்பியும் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், என் இடது முழங்காலில் இன்னும் சுற்றிக் கிடந்த துண்டைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். ‘இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனா’ என்றார். அன்றைக்கே செய்து கொண்டுவந்தார். கம்பியை முழுக்கப் பற்றவைத்துவிட்டார். படியை மட்டும் என் முழங்கால் உயரத்தில், இரண்டு இடத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டி நிறுத்தியிருக்கிறார். மிச்சத்தையும் பற்றவையுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். ‘ஏறப்போறவர் வந்து நின்னு காட்டட்டும். ஆளே இல்லாம அளவெடுக்க நான் என்ன ஜோசியக்காரனா?’ என்கிறார்.

மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. இன்னும் பத்து நாளைக்குள் உழ வேண்டும். நீங்கள் வராவிட்டாலும் உழுதுவிடுவேன், எனக்கு ஓட்ட வருகிறது. அதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. படிக்கு அளவு கொடுக்கத்தான் கூப்பிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் இருப்பதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று அக்காவிடம் சொல்லுங்கள். படியின் அந்த ஒட்டு ரொம்ப நாள் தாங்காது என்று பட்டறைக்காரர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி