நீ கேட்ட பிட்னஸ் பத்திரம்

உடப்பு,
12.09.2016

அன்பு மகன் சதீசுக்கு,

அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தீமிதி போன மாதம் நல்லபடியாக முடிந்தது, அம்மா உன் பெயருக்கு அர்ச்சனை செய்து திருநீற்றைக் கடதாசியில் மடித்து வைத்திருக்கிறாள், இதோடு வருகிறது. லொறிக்கு பிட்னஸ் எடுத்தாச்சா என்று நீ போனில் மூன்று தரம் கேட்டாய், மூன்று தரமும் லைன் கிளியர் இல்லை என்று வெட்டினேன். லைன் கிளியராகத்தான் இருந்தது. பத்திரம் எடுக்கவில்லை, இப்போதைக்கு எடுக்கவும் முடியாது. ஏன் என்று போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நீ கத்துவாய், நான் அதைவிடக் கூடக் கத்துவேன், பிறகு இரண்டு பேரும் சொல்லவந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். தில்லையடி தாஹிர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோகாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் போன் எடு.

இதுவரைக்கும் வருடாவருடம் உன் மாமா கௌசிகன்தான் பத்திரம் எடுத்துவந்தான். அவன் ஓட்டுகிற லொறி, அவனே பார்த்துக்கொள்வான் என்று நான் தலைபோடவில்லை. எங்கே எடுத்தான் என்று இந்த வருடம்தான் கேட்டேன். ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டிலாம், லொறியைக் கொண்டுபோகவே தேவையில்லையாம், லொறிப் புத்தகத்தின் கொப்பியைக் கொடுத்தால் போதுமாம். லொறி ரோட்டில் ஓடத் தகுதி என்று, லொறியின் முகத்தையே காணாத ஒருத்தன் நான்கு வருடமாகக் கையெழுத்து வைத்திருக்கிறான். இந்த வருடம் போனால் கொட்டில் பூட்டு, போர்ட்டுக்கு மேலே வெள்ளைப் பெயின்ற். பத்திரம் இல்லாமல் புதுப்பிக்க முடியாத லொறி லைசன்ஸ் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. முந்தலில் விசாரித்தால் ஆனமடுவைப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது என்றார்கள், போனேன், மெசின் பழுது, புதன்கிழமை வாருங்கள் என்றான். புதன்கிழமை போனால் பௌர்ணமிப் போயா, லீவு. கலண்டர் அவன் தலைக்கு மேலேதான் தொங்கியது, அன்றைக்கே பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. நீங்களும் பார்க்கேல்லத்தானே அத்தான் என்று கௌசிகன் சொன்னான், அதுவும் சரிதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. பிறகு இன்னொருத்தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு நீர்கொழும்பு என்றான். பக்கத்தில் எங்கே என்று கேட்டால் நாற்பத்தைந்து மைலுக்கு அப்பால் காட்டுகிறது. இப்படி மூன்று நாள் லொறி ஓடவில்லை, மூன்று நாளும் நம்முடைய கரையில் ஏறிய மீன் வேறு ஆட்களுடைய லொறியில் போனது. கடைசியில் ஐஸ் கொண்டுவருகிற ஹமீட் நானாதான் சொன்னார், தில்லையடியில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளுக்குப் போனால் ஒரு கராஜ், அதற்கு இந்த வருடம் அனுமதி கிடைத்திருக்கிறது, பார்க்கிற ஆள் ரிஃபாஸ் என்று. எந்த ரிஃபாஸ் என்று கேட்டேன். ஆள் யாரென்று தெரிந்தபோது களைப்பெல்லாம் போய்விட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசை, இரண்டு வருடமும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஸ்பனர் செட்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். தீமிதிக்கு முதல் கிழமை, பின் லீப் ஸ்பிரிங்குக்குக் கிறீஸ் போட லொறிக்குக் கீழே படுத்தேன். இடது பக்கச் சேசிஸ் இரும்பு கறள் பிடித்து உப்பிப்போய் இருந்தது. ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து அழுத்தினேன், பாணுக்குள் கத்தி போகிற மாதிரி உள்ளே போனது. எஞ்சினையும் பெட்டியையும் தாங்குகிற எலும்பு அது, அது உளுத்தால் லொறி இல்லை என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தெரிந்துகொண்டே சுரண்டி, ஓட்டையில் பட்டிப் பசை வைத்து, மட்டமாகத் தேய்த்து, கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பத்திரம் கைக்கு வரட்டும், பிறகு ஆறுதலாக வெல்டிங் செய்யலாம் என்று நினைத்தேன். நீ டிசம்பரில் கொன்ராக்ட் முடித்து வருகிறாய், வந்து இந்த லொறியை நீயே ஓட்டப்போகிறாய், வரும்போது பேப்பர் எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும், அதுதான் மண்டைக்குள் இருந்தது. கௌசிகனுக்கும் சொல்லவில்லை. அவன் தினமும் விடிய அந்த லொறியில்தான் சிலாபச் சந்தைக்குப் போகிறான், மீன் விற்கிற பெண்கள் ஆறு பேர் ரெஜிபோம் பெட்டிகளுக்கு மேல் இருந்து போகிறார்கள், அதில் ஒருத்தி உன் அம்மா. அப்படியிருந்தும் மூன்று கிழமை வாயைத் திறக்கவில்லை. நான் கெட்டவன் இல்லை, அவசரக்காரன், ஆனால் சேசிஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தில்லையடிக்கு நானும் கௌசிகனும் போனோம். ரிஃபாஸ் தலை நரைத்து, வயிறு வைத்து, என்னைக் கண்டதும் கிறீஸ் கையோடு கட்டிப்பிடித்தான். அடே விநாயகம், நீ இன்னும் பொடியன் மாதிரி ஈக்கிறாய், நாங்க மட்டும் கெழவனாப் போனோம் என்றான். எனக்கு நாற்பத்திநாலுதான் என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன், அவனுக்கும் அதுதான். பிளேன்டீ வந்தது. புகைச் சோதனை ஏற்கனவே எடுத்த துண்டைக் காட்டினேன், எஞ்சின் நல்லது, எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு நாளும் பயம் இருந்ததில்லை. பிரேக் பார்த்தான், லைட் பார்த்தான், டயரில் ஒரு உதை. லொறியை அடிப்பாகம் பார்க்கிற குழியின் மேல் ஏற்றிக் கீழே இறங்கப்போனவன் என்னைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். நீ பாத்த வண்டிய நான் என்னத்துக்குடா திரும்பப் பாக்கிற, எனக்கு வேற வேலை இல்லையா என்று சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினான். கௌசிகன் எனக்குப் பின்னால் மூச்சு விட்டது கேட்டது. நான் பிளேன்டீயைக் குடித்தேன். உரிமையாளர் பெயர் என்று கேட்டான், லொறி உன் பெயரில்தானே இருக்கிறது, சொன்னேன், எழுதினான். மகன் வந்தா இத அவன்தானே ஓட்டுற என்று சும்மா கதைக்குக் கேட்டான், பேனா நிற்கவில்லை, எழுதிக்கொண்டே கேட்டான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய் அவனுடைய மேசையில் கிடந்த சுத்தியலை எடுத்துக் குழிக்குள் இறங்கினேன். அத்தான் வேண்டாம் என்று கௌசிகன் சொன்னான், அப்போதுதான் விளங்கியது, நான் பட்டி வைத்தது அவனுக்கும் தெரியும். முதல் அடிக்குப் பட்டி உதிர்ந்தது. இரண்டாவது அடிக்குச் சேசிஸிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு பப்படம் மாதிரி உடைந்து என் காலடியில் விழுந்தது.

ரிஃபாஸ் கீழே வந்து பார்த்தான். பிறகு படிவத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு ஏசினான் பார், இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி ஏசியதில்லை. பட்டி போட்டு எனக்கிட்டயேவாடா கொண்டு வந்தாய், நான் ஒன்டும் பாக்காம சைன் வெச்சிருப்பேனே, ரோட்டுல ஆறு பொம்புளைங்க மௌத்தாப் போனா மறுமையில நீயா வந்து பதில் செல்லுவாய் என்றான். கடைசியில், சுத்தியல் எடுத்தது நீதான், அதனால உன்னோட இன்னும் கதைக்கிறேன் என்று மட்டும் சொன்னான். திரும்பி வரும்போது கௌசிகன் இருபதில் ஓட்டினான், சைக்கிள்காரரெல்லாம் முந்திப் போனார்கள். பத்துளுஓயா வந்தது. பிறகு, நீங்க படிச்ச மனுசன் அத்தான், அந்தப் படிப்பை இன்னும் அஞ்சு நிமிசம் பொக்கற்றுக்குள்ள வச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் என்றான். இன்றைக்கு வரைக்கும் என்னோடு ஒழுங்காகக் கதைப்பதில்லை. அவனுக்கு இப்போது லொறி இல்லை, கரைவலைக்குக் கூலிக்கு இழுக்கப் போகிறான், அவன் கோபப்படத்தான் வேண்டும்.

வீட்டில் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் இது எப்படி வந்தது என்று பிடிபட்டது. கடற்காற்று, உப்பு என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் வலது பக்கச் சேசிஸ் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கும் இதே காற்றுத்தான் அடித்தது. லொறி வாங்கிய கிழமை மீன் தண்ணீர் பலகையில் ஊறாமல் இருக்க நான் தகட்டில் தட்டு அடித்துப் பொருத்தினேனே, தண்ணீர் வடிய அதில் ஒரு துளை போட்டேன். டிரில் எந்த இடத்தில் சுகமாகப் பிடிக்கலாமோ அந்த இடத்தில் போட்டேன். அது நேரே இடது சேசிஸுக்கு மேலே. நான்கு வருடமாக ஐஸும் உப்பும் இரத்தமும் சொட்டுச் சொட்டாக அதே இடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு முழம் றப்பர் குழாயைச் செருகி வெளியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. அதைவிடக் கேவலம், நீ லீவில் வந்தபோது லொறியைக் கழுவிக்கொண்டு நின்று கேட்டாய், அப்பா இந்தத் தண்ணி எங்க போகுது என்று. நிலத்துக்குப் போகுது, வேற எங்க போகும், விசர்க்கதை கதைக்காதே என்று பாய்ந்தேன். நீ மறந்திருப்பாய். குனிந்து பார்க்க அன்றைக்கு எனக்கு நேரம் இருக்கவில்லை.

இப்போது லொறி நான்கு கட்டையில் நிற்கிறது. இன்னொரு லொறியில் இருந்து வெட்டிய இடது பக்கச் சேசிஸ் ஒன்று தேடுகிறேன், கண்ட கண்ட துண்டை ஒட்டிக்கொண்டு வராதே, முழு நீளத்துக்குப் போட்டால்தான் பார்ப்பேன் என்று ரிஃபாஸ் சொல்லிவிட்டான். கிடைத்து, பொருத்தி, அவன் பார்த்து முடிக்க பங்குனி, சித்திரை ஆகும், அதற்கு முதல் நடக்கும் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அம்மாவும் மற்றப் பெண்களும் பஸ்ஸில் போகிறார்கள். மீன் நாற்றம் என்று கொண்டக்டர் தினமும் ஏசுகிறானாம், ஒரு நாள் இரண்டு பேரைக் கூடையோடு வழியில் இறக்கியும் விட்டானாம். பட்டி வைத்த கதையை அம்மாவுக்கு நானே சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. அடுத்த நாள், பஸ்ஸில நாத்தம் எண்டு ஏசினாலும் இறங்கிற இடத்தில இறங்கிறன், அது போதும் என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுப்பதில்லை. உன் கட்டிலுக்கு மெத்தை உறை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொன்ராக்ட் நீட்டுவதா இல்லையா என்று இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் கம்பனிக்குச் சொல்லவேண்டும் என்றாய். உண்மையைச் சொன்னால், இன்னும் ஒரு வருடம் நில் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவும் எழுதிய பிறகு அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிகிறது. துளை போட்டது நான், அதற்கு நீ அங்கே ஐம்பது பாகை வெயிலில் நிற்கத் தேவையில்லை. வருவதென்றால் லொறி ஓடும் என்று நினைத்து வராதே. நான்கு மாதமாவது என்னோடு அதற்குக் கீழே படுக்கவேண்டி வரும், நான் ஏசுவேன், அதுவும் உனக்குத் தெரியும். நிற்பதென்றால் உனக்காக நில், லொறிக்காக நிற்காதே, எங்களுக்காகவும் நிற்காதே. நான் ஒளித்ததை ஒளித்தபடியே விட்டிருந்தால் நீ டிசம்பரில் சந்தோசமாக வந்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும்.

தண்ணீர் நன்றாகக் குடி, கட்டிடச் சாரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டியைக் கொளுவாமல் ஏறாதே, போர்மன் அவசரப்படுத்தினாலும் கொளுவிவிட்டு ஏறு. அம்மன் உனக்குத் துணை நிற்பாள், அம்மாவுடைய ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உண்டு. ஒரு விசயம் மறக்காதே, முப்பதாம் திகதிக்கு என்ன தீர்மானித்தாய் என்பதை எனக்கு முதலில் சொல்லாதே. என்னோடு கதைத்தால் என் குரலைக் கேட்டுத் தீர்மானத்தை மாற்றுவாய். அம்மாவுக்குச் சொல், நான் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
க. விநாயகமூர்த்தி