இன்றும் வலி இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், எப்போதும் நான் கேட்டுக்கொள்வது அதுதான். நான் நன்றாக இருக்கிறேன், தையல் மெஷினும் தகராறு பண்ணாமல் ஓடுகிறது, எனக்குக் கண்ணாடிதான் மாற்ற வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை போகமாட்டேன் என்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது பின்னால் ஏதோ இரைகிறதே என்று கேட்டாய், அப்பா டிவி என்றார். அது டிவி இல்லை கண்ணு, பக்கத்துக் கட்டில்காரருக்கு மூச்சுக்கு வைத்திருக்கிற மெஷின். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்றைக்கு வெள்ளிக்கிழமையோடு ஒன்பது நாள் ஆகிறது. வலது காலில் சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார், தெரிஞ்சா புது வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்றார். போனில் நான் வாயைத் திறக்க வழியில்லை, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார் என்று உனக்கே தெரியும். மருந்துக்கடைக்காரரின் பெண் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடலாம் என்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சைத்தான் சொல்ல வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் அப்பா மேல் உனக்குக் கோபம் மட்டும்தான் வரும். போன வருஷம் அவருடைய கூட்டாளி கடிகாரக்காரர் கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் இல்லையா, கண்ணில் அந்தச் சின்னப் பூதக்கண்ணாடி மாட்டியபடி இருந்தார் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததுதான், இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு அடுத்தது நான்தான் என்று முணுமுணுப்பார். நீதான் அப்போது போனில் சண்டை போட்டாய், எங்கேயாவது போங்கப்பா, நாலு பேரோட பழகுங்கப்பா என்று சொல்லி நடக்கிறதற்கு ஷூவும் அனுப்பினாய். நீ சொன்னது தப்பே இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள், உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஷூவோடுதான் பூங்காவுக்குப் போனார். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது, காலையில் வட்டமாக நின்று கையைத் தட்டி வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், பிறகு புல்லிலும் கூழாங்கல் பாதையிலும் வெறுங்காலோடு நடப்பார்கள். நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிப்பு மாஸ்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஷூ முதல் நாளோடு பெட்டிக்குள் போய்விட்டது.

ஒரே மாதத்தில் அப்பா வேறு ஆளாகிவிட்டார். விடிந்ததும் எழுந்து எனக்கும் சேர்த்து டீ போட்டார், சர்க்கரையைத் தொடவில்லை, எண்ணெய்ப் பண்டத்தைத் தொடவில்லை, குளிக்கும்போது பாட்டு வேறு. உனக்குத் தெரியாததா, இந்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒன்றிரண்டு வார்த்தை கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான் பேச்சு. அவர் என் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஒருநாள் நான் ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன், உன் கை ரொம்ப அழகா ஓடுதுன்னு இத்தனை வருஷமா நான் சொல்லவே இல்லையே என்றார். நான் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டேன். வீட்டில் புதுச் சட்டம் எல்லாம் போட்டார், வியாதிப் பேச்சு கூடாது, யார் செத்தார் என்ற பேச்சு கூடாது, பேப்பரில் அந்தப் பக்கத்தைப் பிரிக்கவே கூடாது. மாஸ்டர் சொன்னார் என்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதினார். பேண்ட் இடுப்பு தொளதொள என்று ஆனது, இரண்டு தடவை நானே பிடித்துக் கொடுத்தேன், இரண்டாவது தடவை முழுசாக மூன்று அங்குலம். பார்த்தியா வாலிபன் ஆயிட்டேன் என்று கண்ணாடி முன்னால் நின்று திரும்பிக் காட்டினார், நானும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தேன். தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தார். நல்லது, உடம்பு சுத்தமாகும் என்றார். பாத்ரூமில் எறும்பு வர ஆரம்பித்தது, மருந்து தெளித்தேன், மறுநாளும் வரிசையாக வந்தது. எங்கே என்ன சிந்துகிறது என்று தேடினேனே தவிர எதற்காக அங்கே வருகிறது என்று என் மண்டைக்கு ஏறவில்லை.

பிறகு காலுறை போட ஆரம்பித்தார், இந்த வெயிலில், வீட்டுக்குள்ளேயும். கேட்டால் பாதம் குளிருது என்றார். ஒருநாள் துவைக்கப் போட்டதை எடுத்துப் பார்த்தேன், வலது காலுறையில் சுண்டுவிரல் இருக்கிற இடத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை, காய்ந்து துணியே விறைத்துப்போயிருந்தது. மோந்து பார்த்தேன். துணியோடு நாற்பது வருஷம் பழகியவள், எது சேறு எது துரு எது ரத்தம் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா. அதைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் கறை. அதற்கு மறுநாள் கறை பெரிதாக இருந்தது. பதினொரு நாள் கண்ணு, பதினொரு நாள் நான் துவைத்தேன். கேட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும், மறுபடியும் ஜன்னல் நாற்காலிதான் என்று பயம். இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் மனது கேட்கவில்லை, இந்த ஷூவையாவது மாட்டிக்கொண்டு போகச் சொல்வோம் என்று அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். ஷூவுக்குள் மாத்திரை அட்டைகள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாலு மாதத்துக்கு உள்ளது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நான் தினமும் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கிற மாத்திரை பாட்டிலில் ஏதோ வைட்டமினைப் போட்டு வைத்திருக்கிறார், என் கண்ணெதிரே அதைத்தான் முழுங்கியிருக்கிறார். பெட்டியின் அடியில் நோட்டும் இருந்தது. படிக்கக்கூடாதுதான், படித்தேன். கிளி இரண்டு பார்த்தேன், பேரன் போனில் தாத்தா என்றான், அவள் இன்று சிரித்தாள், இப்படியே போகிறது. அவள் என்பது நான். கடைசி ஒரு மாதமாக மூன்றாவது வரி மட்டும் எல்லா நாளும் ஒன்றுதான், இன்றும் வலி இல்லை. வலி இல்லை என்று ஒருத்தர் தினமும் எழுதினால் அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறார் என்றுதானே அர்த்தம்.

அவர் வந்ததும் அட்டைகளை மேஜை மேல் பரப்பி வைத்தேன். கோபமே படவில்லை, சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. நான் நல்லா இருக்கேன், நீ பயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தா நான் நோயாளின்னு உடம்பு நம்பிடும் என்றார். காலைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சிரிப்பு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் தனியாக இருக்கிறார், மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறதாம், ஒரு தட்டு ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப்போனது. நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையேம்மா, மனசு சந்தோஷமா இருந்தா பாதி குணம்னு சொன்னேன், அவர் மீதிப் பாதியையும் அதிலேயே சேர்த்துக்கிட்டாரே என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து தன்னுடைய மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அப்பா எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து காட்டினார், தினமும் காலையில மூணு மாத்திரை போட்டுட்டுத்தான்யா நான் சிரிக்கவே வர்றேன், இல்லேன்னா நின்ன இடத்துல விழுந்துடுவேன் என்றார். அப்பா ரொம்ப நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தானே காலுறையைக் கழற்றினார். நான் பார்த்ததை எழுதமாட்டேன். மாஸ்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா, உன் வயதுதான் இருக்கும். அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார், பாதத்தில் குத்துவேன், தெரிஞ்சதும் சொல்லுங்க என்றார். கையில் மொட்டை ஊசி மாதிரி ஒன்று. கட்டைவிரலில், நடுவில், குதிகாலில், ஓரத்தில் என்று ஆறு இடத்தில் குத்தினார், நான் எண்ணிக்கொண்டே நின்றேன். அப்பா கண்ணை மூடியபடி, இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர் என்று கேட்டார். கூழாங்கல்லில் நடந்தபோது கிழிச்சிருக்கும், தெரிஞ்சிருக்காது, வலி இல்லைங்கறதுதான் உங்க வியாதி ஐயா, உடம்பு இளைச்சதும் சர்க்கரை உருக்கினதுதான் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை விரல்களை எடுத்தார்கள். இப்போது கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்பு படர்ந்திருக்கிறது. நர்ஸ் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார், சிவப்பு கோட்டுக்குள் நின்றால் மருந்து பிடிக்கிறது, தாண்டினால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் உள்ளேயே நின்றது. இன்று காலை ஒரு இடத்தில் நகக்கண் அளவு தாண்டியிருக்கிறது. நர்ஸ் புதுக் கோடு போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாதம் தப்புமா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர். நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்டேன். சர்க்கரை இறங்குது, காய்ச்சல் இல்லை, கணுக்கால்கிட்ட தொட்டா தெரியுதுன்னு ஐயா நேத்து சொன்னார், இந்த மூணும் நல்லது, மத்ததை இப்பவே கேட்காதீங்க என்றார். நான் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்டர் தினமும் மத்தியானம் வருகிறார், சிரிக்கிறதில்லை, ஆரஞ்சு உரித்து நாரை எடுத்து அப்பாவுக்கு டாக்டர் சொன்ன அளவு சுளையைக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் சாப்பிடுகிறார். பூங்காவில் இப்போது எல்லோரையும் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம், மாத்திரை போட்டாச்சா என்று கேட்ட பிறகுதான் வட்டத்தில் நிற்க விடுகிறாராம்.

இன்று காலை அந்தப் புதுக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்குத் தாங்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் முன்னாலேயே பார்த்துட்டேங்க, பதினொரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க அதனால கேட்கலை என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தபடி, தெரியும், நீ அதைத் தனியாத் துவைச்சுத் தனியாக் காயப்போட்டதை நான் முதல் நாளே பார்த்தேன் என்றார். பிறகு, நீ மெஷின்ல உட்கார்ந்து பாடிக்கிட்டு இருந்தே, எப்பவும் பாடமாட்டே, அதைக் கெடுக்க வேணாம்னு இருந்துட்டேன் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஏற்ற ஊசி குத்தியிருந்த அவர் கை அது, வீங்கியிருந்தது, நான் அழுத்திப் பிடிக்கவில்லை.

இவ்வளவுதான் கண்ணு நடந்தது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும், என்ன ஆனாலும் நானே போன் பண்ணுவேன், வராந்தாவுக்கு வந்து பேசுவேன். நீ வருவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு முடிவு பண்ணு, நான் வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவதை நிறுத்து, அப்பாவுக்குச் சர்க்கரை ஆரம்பித்த வயது உனக்கும் வந்துவிட்டது, இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பரிசோதனை பண்ணி வந்த எண்ணை எனக்கு எழுது, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. குட்டி செருப்பில்லாமல் ஓடினால் அடிக்காதே, சாயங்காலம் பாதத்தைக் கழுவித் துடைத்து உள்ளங்காலைப் பார். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனிமேல் அப்பாவோ நானோ போனில் நல்லா இருக்கோம் என்று சொன்னால் அதோடு வைத்துவிடாதே, எப்படி நல்லா இருக்கீங்கன்னு சொல்லுங்க என்று விடாமல் கேள்.

உன் பிரியமுள்ள,
அம்மா