எல்லாரும் சிரித்த வீடியோ

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாப்பா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் சலவைக்கூடத்தில் ஈரத்தரை வழுக்கி, அழுக்குப் போர்வை வண்டிக்குள் மல்லாக்க விழுந்து மாட்டிக்கொண்டேன். பயப்படாதே, முட்டியில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். "யாராவது தூக்குங்கப்பா" என்று கத்தியதும் இஸ்திரி போடுகிறவன் ஓடி வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் போனை நீட்டினான். "அண்ணே, ஒரு நிமிஷம் அப்படியே இருங்க."

என் கூப்பாட்டின் மேல் ஒரு குத்துப்பாட்டை ஏற்றி உலகத்துக்கே விட்டுவிட்டான். "லட்சம் பேர் பாத்துட்டாங்கண்ணே" என்று எனக்கே டீ வாங்கிக் கொடுத்தான், புண்ணியவான்.

தொப்பியும் முகமூடியும் போட்டிருந்ததால் மானம் தப்பியது என்றுதான் நினைத்தேன். நேற்று பாப்பா அந்த வீடியோவை நம் குடும்ப குரூப்பில் போட்டு, "அப்பா, இதப் பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது" என்று எழுதியிருந்தாள். மச்சான் சிரித்திருந்தார். நீயும் சிரித்திருந்தாய். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவைத்தேன்.

அவளிடம் சொல்லிவிடாதே, குழந்தை தாங்கமாட்டாள். வலித் தைலம் ஒரு புட்டி அனுப்பு. உங்கள் இருவரின் போட்டோ ஒன்றும் அனுப்பு, சுவரில் ஒட்டுகிற மாதிரி.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அந்த வீடியோவில் மேலே ஆடுகிற கால்களில் இருப்பது, முட்டியில் நீ ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பேன்ட். நீயாவது கண்டுபிடித்திருக்கலாம்.

பாப்பாவின் அப்பா